முதுகு ஜிப்

மெர்லிகன் கரையில் காலை எட்டரை.
ஏரி ஐந்து பாகை. காற்று அதிலும் இரண்டு குறைவு.
காரின் பின்கதவைத் திறந்துவைத்து
ஒற்றைக்காலில் நின்று உடுப்புக்குள் நுழைகிறேன்.
அறுபத்தெட்டு வயதில் இது
பாதி சர்க்கஸ், பாதி சண்டை.
"திரும்புங்கள்" என்கிறாள் தவமலர்.
திரும்புகிறேன்.
மெழுகுதிரித் துண்டால் பல் பல்லாகத் தேய்த்து
இடத்தோளிலிருந்து வலத்தோள்வரை
ஒரே இழுப்பில் என்னை மூடுகிறாள்,
ஊருக்கு அனுப்பும் பார்சலைப்போல.
பிறகு நான் அவளுக்கு.
விரல்மூட்டு வீக்கத்தால் எனக்கு இரண்டு இழுப்பு.
அவள் எண்ணிவிடுகிறாள்.

தூனில் டாக்டர் போன கிழமை
காதுக்குள் பார்த்தார், சைக்கிள் மிதிக்கச் சொன்னார்,
ஒப்பமிட்டார்:
இனிமேல் பதினெட்டு மீட்டர். அதற்குக் கீழே வேண்டாம்.
பென்ஷன் கடிதம் வந்ததும் அதே கிழமைதான்.
இரண்டையும் ஒரே காந்தத்தால்
குளிர்ப்பெட்டியில் ஒட்டியிருக்கிறாள்.
அதன் கீழே தீவு.

தீவு என்றால்
ஹன்ஸ்ருடி எடுத்து அனுப்பிய படம்.
கிளப்பில் எங்களுக்குக் காற்று நிரப்பித் தந்தவன்,
வீட்டை விற்றுவிட்டுப் போனவன்.
சுற்றி நடக்க நாற்பது நிமிடம்.
படகு செவ்வாயும் வெள்ளியும்.
தண்ணீர் இருபத்தொன்பது பாகை. பக்கத்து வீடு காலி.
பல் வலித்தால் மட்டும் விமானம் பிடிக்க வேணும்.
அவனுக்கு வலித்தது. பிடித்தான்.
பேர்ணில் பல்லைப் பிடுங்கிக்கொண்டு
எங்கள் வீட்டில் இரண்டு நாள் கஞ்சி குடித்தான்,
கறுத்து, மெலிந்து, பத்து வயது குறைந்து.
"ஒரு பனியன் போதும், ஈயம் இரண்டு கிலோ."
நாங்கள் இங்கே கட்டுவது பதின்மூன்று.

எல்லாரும் நினைக்கிறார்கள்
நாங்கள் திரும்பிப்போகப் போகிறோமென்று.
வெயில் என்றாலே எங்கள் ஊர்தான் அவர்களுக்கு.
நான் பிறந்த இடத்தில் கடலே இல்லை.
நீந்தப் பழகியது நாற்பத்தேழு வயதில்,
தூன் நகர நீச்சல்குளத்தில்,
இடுப்பளவுத் தண்ணீரில், பிள்ளைகளின் பக்கம்.
அதற்கு முன்னமே தவமலர்.
ஆஸ்பத்திரிச் சலவையில் கூட வேலைசெய்த ரெகுலா
சும்மா வந்து பார் என்று கூட்டிப்போனாள்.
இவள் வீட்டுக்கு வந்து
மூன்று நாள் ஒன்றும் பேசவில்லை.

பன்னிரண்டு மீட்டரில் பச்சை இருட்டு.
பாறை இடுக்கில் ஒரு மீன்,
நாடியில் ஒற்றைத் தாடிமயிர்,
டிக்கெட் பரிசோதகரைப் பார்ப்பதுபோல் எங்களைப் பார்க்கிறது.
நெடுநாளாய்க் கேட்க நினைத்ததை
டார்ச் வெளிச்சத்தில் கையால் கேட்கிறேன்.
தீவுக்குச் சைகை கிடையாது.
ஒரு கையைக் கவிழ்த்து, அதன்மேல்
மற்றக் கையின் ஒரு விரலைத் தென்னையாய் நட்டு,
நீ, நான்,
பிறகு தோள் குலுக்கல்.

பார்க்கிறாள்.
இரண்டு விரலால் உள்ளங்கையில் தட்டுகிறாள்:
காற்று எவ்வளவு?
தொண்ணூறு.
தன்னுடையதைத் திருப்பிக் காட்டுகிறாள். நூற்றிருபது.
ஒரே அளவோடுதான் இறங்குகிறோம்,
எப்படியோ அவளிடம் எப்போதும் முப்பது கூட.
பிறகு இடுப்பில் தொங்கும் பலகையை இழுத்து
தடித்த கையுறையோடு, கோணல் எழுத்தில்:
அங்கே குளிர் இல்லை. எதைத் திட்டுவீங்கள்?

சிரித்ததில் கண்ணாடிக்குள் தண்ணீர்.

கரையேற முழங்கால் சம்மதிக்கவில்லை.
கல்லில் கொஞ்சம் குந்தியிருக்கிறோம்.
எதிரே நீசன் மலை பாதியோடு நிற்கிறது,
மேல்பாதி முகிலுக்குள்.
"திரும்புங்கள்."
ஜிப் திறக்க, உடுப்புக்குள்ளிருந்து
என் சொந்தச் சூடு ஆவியாய்ப் போகிறது.
இருபத்தொன்பது பாகையில்
அவரவர் உடுப்பு அவரவர் கைக்கு எட்டும்.
ஒருவருக்கு முதுகு காட்டி நிற்க
அங்கே என்ன சாட்டு இருக்கும்?
இதை நான் சொல்லவில்லை.

மெழுகுத் துண்டைச் சட்டையில் துடைத்துத்
தகரப்பெட்டியில் வைக்கிறாள்.
பிறகு வெளியே எடுத்து, ஒருதரம் பார்த்து,
"அங்கே இளகிப்போகும்" என்கிறாள்.
"நிழலில் வைப்பம்" என்கிறேன்.